சிட்னியில் நிற்கும் எம்டன் பீரங்கி சென்னையைச் சுட்டதுதானா? வெட்டவெளியில் அது எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

கேள்வியில் மூன்று பகுதிகள் இருக்கின்றன. சிட்னி ஹைட் பார்க்கில் இருக்கும், ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் பீரங்கி அசலா? 1914இல் சென்னையைச் சுட்டது அதுதானா? நூறாண்டுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் நிற்கும் இப்படிப்பட்ட இரும்பை எப்படிப் பராமரிப்பது? முதல் இரண்டுக்கும் பதில் சுருக்கமானது. அசல்தான். சென்னையைப் பொறுத்தவரை, சுட்ட கப்பலில் இருந்த பத்துப் பீரங்கிகளில் அது ஒன்று, அவ்வளவுதான் சொல்லலாம். மூன்றாவது கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

பீரங்கி இருப்பது ஹைட் பார்க்கின் தென்கோடியில், காலேஜ் தெருவும் லிவர்பூல் தெருவும் ஆக்ஸ்போர்டு தெருவும் கூடும் முனையில். பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட நாள் 1917 டிசம்பர் 21. அதே பூங்காவில் இருக்கும் பெரிய அன்சாக் நினைவகம் 1934இல்தான் திறக்கப்பட்டது. ஆக, முதல் உலகப்போர் முடிவதற்குள்ளேயே நகரத்துக்குக் கிடைத்துவிட்ட நினைவுச்சின்னம் இது. எம்டனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த பீரங்கிகளில் இன்னொன்று கான்பெராவில் ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும், மூன்றாவது சிட்னி கடற்படைத் தளத்திலுள்ள மரபுக் காட்சியகத்திலும் இருக்கின்றன. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள். கூரைக்குக் கீழே இருப்பதற்கும் வானத்துக்குக் கீழே இருப்பதற்கும் என்ன வேறுபாடு என்பது கண்ணுக்கே தெரியும்.

பொருளைப் பற்றிக் கொஞ்சம். ஜெர்மானியர்கள் இதை 10.5 செ.மீ. எஸ்.கே. (விரைவாகக் குண்டேற்றும் பீரங்கி) எல்/40 என்று குறிப்பிட்டார்கள். குழலின் உள்விட்டம் 105 மி.மீ. எல்/40 என்றால் நீளம் விட்டத்தைப்போல் 40 மடங்கு, அதாவது 4.2 மீட்டர். குழலும் அதன் பின்வாயை அடைக்கும் பின்பூட்டும் சேர்ந்த எடை ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். பின்பூட்டு பக்கவாட்டில் நகரும் எஃகுக் கட்டை. ஆங்கிலேயக் கப்பல்களின் பெரிய பீரங்கிகளில் இருந்ததுபோல் திருகிக் கழற்றும் வகை அல்ல. குண்டும் வெடிமருந்தும் ஒரே பித்தளை உறையில் வரும். அதனால் பழகிய ஆட்கள் நிமிடத்துக்குப் பதினைந்து முறை வரை சுட முடிந்தது. மைதானப் பீரங்கிபோல் இதற்குச் சக்கரம் கிடையாது. கப்பல் தளத்தில் போல்ட் போட்டு இறுக்கிய கூம்புப் பீடத்தின்மேல் சுழலும். ஒரு ஊரில் "கப்பல் பீரங்கி" என்று எதையாவது காட்டினால் முதலில் பார்க்க வேண்டியது இந்தப் பீடத்தைத்தான். அடுத்ததாக, பின்பூட்டைச் சுற்றியும் குழல் முனையிலும் உளியால் அடித்த எண்களையும் தயாரிப்பாளர் முத்திரையையும் தேடுங்கள். கல்வெட்டு சொல்வதைவிட இந்த எண்கள் நம்பகமானவை. கல்வெட்டைப் பிற்பாடு யாரும் வைக்கலாம். எண் ஆலையிலேயே விழுந்தது.

இனி சென்னை. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் அன்றைய மதராஸ் துறைமுகத்துக்கு எதிரே வந்து, தேடுவிளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. சுமார் அரை மணி நேரத்தில் ஏறத்தாழ 130 குண்டுகள். தொட்டிகள் எரிந்தன, துறைமுகத்தில் நின்ற வணிகக் கப்பலும் அடிபட்டது, ஆட்களும் இறந்தார்கள். கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டது எதுவும் எம்டன்மீது படவில்லை. உயர் நீதிமன்ற வளாகத்தின் கிழக்குச் சுவரில் இதை நினைவுகூரும் பலகை இன்றும் இருக்கிறது.

எம்டனின் பத்துப் பீரங்கிகளும் ஒரே வகை, ஒற்றை ஒற்றையாக நிறுத்தியவை. முன்தளத்தில் பக்கத்துக்கொன்றாக இரண்டு, நடுவில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு, பின்னால் பக்கத்துக்கொன்றாக இரண்டு. எந்தப் பக்கம் திரும்பிச் சுட்டாலும் ஒரு நேரத்தில் ஐந்துதான் இலக்கைப் பார்க்கும். ஆகவே "இதே பீரங்கிதான் மதராஸைச் சுட்டது" என்று பயண வழிகாட்டிகள் அடித்துச் சொல்வது மிகை. சுட்ட கப்பலின் பீரங்கி என்பதே போதுமான உண்மை. அதற்குமேல் அலங்காரம் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

எம்டன் ஆஸ்திரேலியர் கையில் வீழ்ந்தது 1914 நவம்பர் 9 அன்று. இந்தியப் பெருங்கடலில், கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவில் இருந்த தந்தி நிலையத்தை நாசமாக்க எம்டன் ஐம்பது பேரைக் கரையிறக்கியிருந்த நேரத்தில் ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' வந்து சேர்ந்தது. எம்டனின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஆட்கள் முதலில் நன்றாகவே சுட்டார்கள். தொடக்கத்திலேயே சிட்னியின் தூரம் அளக்கும் கருவி போயிற்று. ஆனால் கணக்கு எதிராக இருந்தது. சிட்னியின் எட்டு ஆறங்குலப் பீரங்கிகள் ஒவ்வொன்றும் 45 கிலோ குண்டை எறியும். எம்டனுடைய குண்டு 16, 17 கிலோ. சிட்னி வேகத்திலும் மணிக்கு இரண்டு கடல்மைல் கூடுதல். அதன் கேப்டன் ஜான் கிளாசப் தூரத்தை விலக்கி வைத்துக்கொண்டே அடித்தார். சிட்னி சுட்ட ஏறத்தாழ 670 குண்டுகளில் நூறு போல எம்டன்மீது விழுந்தன. பீரங்கிகள் ஒவ்வொன்றாக வாயடைந்தன. முல்லர் கப்பலை வட கீலிங் தீவின் பவளப்பாறைமேல் ஏற்றிவிட்டார். அங்கேயே கிடந்த சிதைவிலிருந்துதான் மூன்று பீரங்கிகளும் எடுக்கப்பட்டன. மிச்சக் கப்பலின் பெரும்பகுதியை 1950களில் ஒரு ஜப்பானிய நிறுவனம் உடைத்து எடுத்துச் சென்றது.

பராமரிப்பவருக்கு இந்த வரலாற்றில் மிக முக்கியமான பகுதி, சண்டையைவிட, சிதைவு பாறைமேல் கிடந்த காலம். அலை தெறிக்கும் இடத்தில், பெயின்ட் எரிந்து உரிந்த எஃகு. கடலுப்பிலிருக்கும் குளோரைடு துருக்குழிகளின் அடிவரை இறங்கி அங்கே தங்கிவிடும். மேலே எத்தனை பூச்சு அடித்தாலும், காற்றில் ஈரப்பதம் ஏறியதும் குளோரைடு ஈரத்தை இழுத்துத் துருவை மறுபடி தொடங்கி வைக்கும். புதிதாகப் பெயின்ட் அடித்து இரண்டு வருடத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்புகிறதென்றால், கொப்புளத்தைக் குத்தினால் மஞ்சள் பழுப்பு நீர் வருகிறதென்றால், காரணம் பெயின்ட் அல்ல, அடியில் இருக்கும் உப்பு. பெயின்ட் கம்பெனியைத் திட்டிப் பயனில்லை.

வேலையைத் தொடங்குமுன் செய்ய வேண்டியது பாதுகாப்புச் சோதனை. பரிசாகக் கைப்பற்றிய ஆயுதத்தில் வெடிமருந்து எதுவும் இல்லை என்பது எழுத்தில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் ராணுவ வெடிபொருள் பிரிவை அழைத்துக் குழலைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அதைவிட அதிகம் மறக்கப்படுவது பின்னுதைப்பைத் தாங்கும் உருளை. இதில் திரவமும் இருக்கும், குழலை முன்னுக்குத் தள்ளும் சுருள்வில்லும் இருக்கும். நூறாண்டு ஆனாலும் அந்த வில் இன்னும் அழுத்தத்தில் இருக்கலாம். முனை நட்டைச் சாதாரண நட்டு என்று நினைத்துக் கழற்றினால் தெறித்து ஆளைக் கொல்லும். இறுகிப்போன பாகத்தைத் தளர்த்த நெருப்புக் காட்டுவது பட்டறைப் பழக்கம். உருளைக்குப் பக்கத்தில் அதைச் செய்யவே கூடாது, மூடிய உருளையில் திரவம் சூடானால் வெடிக்கும். ஊடுருவும் எண்ணெயை ஊற்றிவிட்டு நாள்கணக்கில் காத்திருப்பதே வழி.

அடுத்தது பழைய பூச்சைப் படிப்பது. சண்டைக்கு முந்தைய அமைதிக்காலத்தில் எம்டன் வெள்ளைக் கப்பல். போர் தொடங்கியதும் சாம்பல் பூசினார்கள். கரைக்கு வந்தபிறகு பூங்காக்காரர்கள் கையில் கிடைத்த நிறத்தையெல்லாம் அடித்திருப்பார்கள், எந்த ஊர் நினைவுப் பீரங்கிக்கும் நடப்பதுதான். நாலைந்து மறைவான இடங்களில், போல்ட் தலைக்கு அடியிலோ பீடத்தின் உள்மடிப்பிலோ, அறுவைக் கத்தியால் சிறு செதிலாகப் பெயர்த்து, பிசினில் பதித்துக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் அடுக்குகள் வரிசையாகத் தெரியும். அடி அடுக்கு சிவப்பு ஈயமாக, அதாவது ஈயம் கலந்த பழைய துருத்தடுப்புப் பூச்சாக, இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் உலர்ந்த நிலையில் தேய்ப்பது, கிரைண்டர் போடுவது எதுவும் கூடாது. கூடாரம் கட்டி, நுண்தூளை வடிகட்டும் பி3 தர முகமூடி அணிந்து, கழிவைத் தனியாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். பூங்காவில் குழந்தைகள் விளையாடும் மண்ணில் ஈயத்தூள் கலப்பது பீரங்கி துருப்பிடிப்பதைவிடப் பெரிய கேடு.

உரிப்பதில்தான் பெரும்பாலான நினைவுப் பீரங்கிகள் கெட்டுப்போகின்றன. ஒப்பந்தக்காரர் பாலம் உரிக்கிற வேகத்தில் சாண்ட் பிளாஸ்டிங் (மணலை அழுத்தத்தோடு வீசி உரிப்பது) செய்துவிடுவார். ஒரே பிற்பகலில் எண்கள், முத்திரை, சண்டையில் குண்டுச் சில்லு பட்ட வடுக்களின் கூர்மை எல்லாம் மழுங்கிவிடும். அவை போனால் நிற்பது வெறும் பழைய இரும்பு. முதலில் பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு எண்ணையும் படமெடுத்து, மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்த இடங்களை ரப்பர் ஷீட்டால் மூடிவிட்டு, மற்ற இடங்களில் மட்டும் நுண்ணிய கார்னெட் மணலைக் குறைந்த அழுத்தத்தில், தண்ணீர் கலந்து வீசலாம். எண்களின் மேல் இரசாயனப் பசையும் மரச் சுரண்டியும் போதும்.

உப்பு எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. உரித்த எஃகை நல்ல தண்ணீரால் அழுத்தமாகக் கழுவி ஓர் இரவு விடுங்கள். காலையில் சில குழிகள் மட்டும் கறுத்து, வியர்த்ததுபோல் இருக்கும். அங்கேதான் உப்பு மிச்சம். அந்த இடத்தை மறுபடி வீசி, மறுபடி கழுவி, மறுபடி இரவு விட வேண்டும். கண்ணை மட்டும் நம்பாமல் பிரெஸ்லே ஒட்டுப்பட்டை வைத்து அளக்க வேண்டும்: தோலில் ஒட்டும் பிளாஸ்திரி அளவுள்ள பட்டைக்குள் சுத்த நீரை ஊசியால் செலுத்தி, திரும்ப உறிஞ்சி, அதன் மின்கடத்துதிறனைப் பார்ப்பது. வெளியில் நிற்கும் பொருளுக்குச் சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் பூசலாம் என்பது பலர் வைக்கும் எல்லை. கடல்காற்று படும் இடத்தில் 20ஐ நோக்கிப் போவது நல்லது. கழற்ற முடிந்த சிறு பாகங்களைக் காரத் தொட்டியில் மூழ்கவைத்துத் தண்ணீரை மாற்றி மாற்றி உப்பைக் கரைத்தெடுக்கலாம். நாலு மீட்டர் குழலுக்கு யாரும் தொட்டி கட்டுவதில்லை.

பூச்சு முறையில் புதுமை எதுவும் வேண்டாம். கடலோரப் பாலங்களுக்குப் பயன்படும் மூன்றடுக்குப் போதும்: துத்தநாகம் செறிந்த எபாக்சி பிரைமர் 75 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று), அதன்மேல் எபாக்சி நடுப்பூச்சு 125 மைக்ரான் வரை, மேலே வெயிலைத் தாங்கும் பாலியூரித்தேன் 50 முதல் 75 மைக்ரான். துத்தநாக பிரைமர் நன்றாக வீசித் துலக்கிய எஃகில்தான் பிடிக்கும். கையால் துலக்கிய குழிப்பகுதிகளில் அதை அடித்தால் உரிந்து வரும். அங்கே ஈரமும் மிச்சத் துருவும் பொறுக்கும் எபாக்சி மாஸ்டிக் வேண்டும். விளிம்புகளிலும் போல்ட் தலைகளிலும் பூச்சு மெலிந்து ஓடிவிடும் என்பதால் அங்கே முதலில் தூரிகையால் ஒரு தனிக்கோடு இழுத்துவிட்டு, பிறகு முழுதும் அடிக்க வேண்டும். எஃகின் வெப்பநிலை பனிபடியும் நிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கனமான பீரங்கி இரவுக் குளிரை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். காலை ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று இருந்தாலும் குழலின் அடிப்புறம் கண்ணுக்குத் தெரியாமல் வியர்த்திருக்கும். தொடுவெப்பமானி இல்லாமல் காலையில் பூச்சு தொடங்குவது வீண்செலவு. எண்கள் உள்ள இடத்தில் முழுத் தடிப்பும் போட்டால் பள்ளம் நிரம்பிப் படிக்க முடியாமல் போகும். அங்கே ஒளிபுகும் மெழுகுப் பூச்சு மட்டும் போட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கலாம்.

தண்ணீர் தேங்கும் இடங்களே மீதித் தொல்லை. காட்சிக்காகக் குழலை வானம் பார்க்க நிமிர்த்தி வைப்பது எல்லா ஊரிலும் வழக்கம். மழை வாய்வழியாக இறங்கிப் பின்பூட்டில் குளம்போல் நிற்கும். பலரும் அதற்கு வாயை வெல்டு வைத்து அடைத்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். உள்ளே அடைபட்ட காற்று பகலில் விரிந்து, இரவில் சுருங்கி, எந்த இடுக்கிலிருந்தாவது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியேற வழி இருக்காது. சரியான முறை, வாய்க்குக் கழற்றக்கூடிய மூடி, அதன் கீழ்விளிம்பில் காற்றோட்டத் துளை, பின்பூட்டை இரண்டு மூன்று மில்லிமீட்டர் திறந்து வைத்து அந்த இடுக்கில் எவர்சில்வர் வலை. வலை இல்லாவிட்டால் குளவி கூடு கட்டும், கூடு ஈரத்தைப் பிடித்து வைக்கும். குழலை ஏற்றி இறக்கும் ஏற்றக் கியர் இன்னும் அசையுமானால் குழலை மட்டத்துக்குக் கொண்டுவருவதே சிறந்தது. பார்க்கக் கொஞ்சம் கம்பீரம் குறையும், பரவாயில்லை.

பார்வைக் கருவியின் தாங்கிகள், எண்ணெய்க் கிண்ணங்கள், சில பல்சக்கரங்கள் வெண்கலமாகவோ பித்தளையாகவோ இருக்கும். வெண்கலமும் எஃகும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் எஃகு பலியாகும். கழற்றி மாட்டும்போது நைலான் வாஷரும் புஷ்ஷும் போட்டு இரண்டையும் பிரித்துவிட வேண்டும். பித்தளையைப் பளபளப்பாக்கும் ஆசையையும் அடக்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்பும் உலோகத்தையும் அதன் மேலுள்ள அளவுக்கோடுகளையும் கொஞ்சம் கொண்டுபோகும்.

பீடக்கல்லைத் தனியாகக் கவனியுங்கள். மணற்கல் போன்ற நுண்துளைக் கல்லின்மேல் பீரங்கியிலிருந்து வழியும் துருநீர் பழுப்புக் கோடு போடும். வெண்கலப் பலகையிலிருந்து வழிவது பச்சைக் கோடு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவினால் கறை ஒரு வாரம் மறையும். பிறகு கல்லுக்குள் இறங்கிய குளோரைடு கல்லையே பொடிப்பொடியாக உதிர்க்கும். அமோனியம் சிட்ரேட் கலந்த களிமண் பற்றுப் போட்டு, காய்ந்ததும் எடுத்து, திரும்பத் திரும்பச் செய்வதுதான் வழி. இணைப்புகளை சிமெண்டால் பூசக்கூடாது, சுண்ணாம்புச் சாந்தே வேண்டும். பழைய நங்கூர போல்ட்கள் கல்லுக்குள் துருப்பிடித்தால் பருமன் பல மடங்காகிக் கல்லைப் பிளக்கும். பீடத்தின் மூலையில் போல்ட்டிலிருந்து கிளம்பும் மயிரிழை விரிசல் தெரிந்தால் உடனே பீரங்கியைத் தூக்கி, 316 தர எவர்சில்வர் போல்ட்டாக மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் கல்லும் போகும்.

தூக்குவதற்குச் சங்கிலி வேண்டாம், அகலமான நைலான் பெல்ட். எடைமையம் நடுவில் இல்லை, பின்பூட்டுப் பக்கம் இருக்கிறது. குழலின் நடுவில் ஒரே பெல்ட் போட்டுத் தூக்கினால் பின்பக்கம் தாழ்ந்து ஆடும். இரண்டு பெல்ட், நீளம் சரிசெய்யும் கொக்கி, தரையிலிருந்து சில சென்டிமீட்டர் தூக்கி நிறுத்திப் பார்த்த பிறகே மேலே. சுழலும் பகுதியையும் ஏற்றக் கியரையும் கட்டி இறுக்கிவிட்டே கிரேனைக் கூப்பிட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஆண்டுதோறும் ஆகும் செலவு மிகக் குறைவு. ஆண்டுக்கு இரண்டு முறை நல்ல தண்ணீரும் அமிலமோ காரமோ இல்லாத சோப்பும் வைத்துக் கழுவுவது, வாய்மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்ப்பது, கொப்புளம் கண்ட இடத்தை உடனே சுரண்டித் தொட்டுப் பூசுவது, வெண்கலப் பலகைக்கு மெழுகு. ஒவ்வொரு முறையும் அதே ஏழெட்டுக் கோணத்தில் படமெடுத்துத் தேதி போட்டு வைத்தால், எந்த இடம் கெடுகிறது என்பது மூன்றாம் ஆண்டிலேயே பிடிபடும். நகராட்சிகள் இதைச் செய்யாமல் விட்டு, இருபது ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக உரித்துப் பூசுகின்றன. ஒவ்வொரு மொத்த உரிப்பிலும் அசல் உலோகம் கொஞ்சம் போகிறது.

நீங்கள் சிட்னி போகிறீர்களானால் மியூசியம் ரயில் நிலையத்தில் இறங்குங்கள், அங்கிருந்து நடக்கும் தூரம். குழல் வாய்க்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுக் கிளம்பிவிடாமல் பின்பக்கம் வாருங்கள். பார்க்க வேண்டியவை பின்பூட்டும் கைச்சக்கரங்களும் பீடத்து போல்ட்களும்தான். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பூச்சுக்கு அடியில் இருப்பதும் ஓரளவு தெரியும்.